சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம்

ஜோயல்,

நேற்று பேரிகையில் நீ தனியாகக் குடியேறிய ஷெட் வாசலில் நின்று நான் சொல்லிக்கொண்டிருந்ததை நீ பாதியில் நிறுத்திவிட்டாய். கேஸ் சிலிண்டரை எப்படி மூடுவது, மழை வந்தால் எந்தப் பக்கத்துத் தகரம் ஒழுகும், கடைக்காரரிடம் எப்படிக் கேட்பது எல்லாம் சொல்லி முடித்து, கடைசியாக ஒன்று சொல்ல வந்தேன். "உனக்கு என்னைக்காவது ரொம்பக் கஷ்டமா இருந்துச்சின்னா, அம்மா" என்பது வரைதான் வந்தது. நீ "சாக்கு" என்றாய். கதவைச் சாத்தினாய். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது. நான் ஓசூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். வழியெல்லாம் அந்த மீதி வாக்கியம் வாய்க்குள்ளேயே உருண்டது. அதை எழுதியாவது முடித்துவிடலாம் என்றுதான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோரும் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். காரணம் இருக்கிறது. உன்னைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டார்கள். ஒரு பத்திரிகை உன்னை ஊமை என்றது. இன்னொன்று தெய்வக் குழந்தை என்றது. இருபத்தாறு வயது ஆம்பளையைக் குழந்தை என்று எழுத அவர்களுக்குக் கை கூசவில்லை. நீ ஊமையும் இல்லை, தெய்வமும் இல்லை. நீ ஒரு ஓவியன். உனக்கு ஆட்டிசம் இருக்கிறது. எனக்குச் சர்க்கரை இருக்கிறது. என் பெயருக்கு முன்னால் யாரும் அதைச் சேர்த்து எழுதுவதில்லை.

உன் முதல் சொல்லின் கதையிலிருந்து தொடங்குகிறேன். பெங்களூரில் உன் படங்களுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையில் நீ ஏன் கோணிச் சாக்கில் வரைகிறாய் என்று நீளமாக எழுதியிருந்தார்கள். உழவரின் வியர்வை, மண்ணின் ஞாபகம் என்று என்னென்னவோ இருந்தது. படித்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாம் தெற்கே நாசரேத்துக்காரர்கள். உன் அப்பா தகடு அடிக்கிற பிரஸ் ஷாப் வேலைக்காக ஓசூர் வந்தார், நானும் பின்னாலேயே வந்து வயரிங் கம்பெனியில் சேர்ந்தேன். உழவருக்கும் நமக்கும் அரிசி வாங்குகிற சம்பந்தம்தான்.

அப்போது உனக்கு ஐந்து வயது. ஒரு வார்த்தை பேசியதில்லை. சபையிலிருந்து ஊழியக்காரரும் சகோதரர்களும் வீட்டுக்கு ஜெபிக்க வந்தார்கள். உன்னை நடுவில் உட்கார வைத்து, எல்லோரும் சுற்றி நின்று உன் தலைமேல் கை வைத்தார்கள். உன் தலையில் கை வைத்தால் உனக்கு எப்படி இருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று தெரியாது. ஜெபம் சத்தமாகி, கைதட்டலாகி, கூரை பறக்கிற மாதிரி ஆனது. நீ காதைப் பொத்திக்கொண்டாய். அவர்கள் இன்னும் சத்தமாக ஜெபித்தார்கள். அப்போதுதான் நீ தெளிவாக, வாய் திறந்து, "சாக்கு" என்றாய்.

வீடே அல்லேலூயா என்று கத்தியது. ஊழியக்காரர் அழுதுவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சாக்கு கேக்கான்! எம் பிள்ள சாக்கு கேக்கான்!" என்று அடுப்படிக்கு ஓடினேன். வெங்காயம் போட்டிருந்த கோணியைக் கொட்டிக் கவிழ்த்துவிட்டு, அதைக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தேன். தூசியும் வெங்காயச் சருகுமாக இருந்தது. நீ அதை வாங்கித் தலையோடு போர்த்திக்கொண்டாய். உள்ளே போய் உட்கார்ந்தவன் அவர்கள் காபி குடித்துவிட்டுப் போகிறவரை வெளியே வரவில்லை. அடுத்த ஞாயிறு சபையில் அதைச் சாட்சியாகவே சொன்னார்கள்.

ரத்னம்மாதான் என் தலையில் குட்டு வைத்தாள். பக்கத்து போர்ஷனில் ஆனேக்கல்லிலிருந்து குடிவந்திருந்தாளே, அவள்தான். நான் ஷிப்டுக்குப் போகும் நேரங்களில் உன்னைப் பார்த்துக்கொண்டவள். நான் பெருமையாகச் சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. "அய்யோ அக்கா, சாக்கு அந்த்ரே கன்னடத்துல போதும்னு அர்த்தம்! அது போதும்னு சொல்லியிருக்குது, நீங்க கோணி குடுத்திருக்கீங்களே!" என்றாள். அவள் வீட்டில் உனக்குச் சாப்பாடு போடும்போது, ஒவ்வொரு கரண்டி சாறு, அவர்கள் குழம்பை அப்படித்தான் சொல்வார்கள், ஊற்றும்போதும் "சாக்கா?" என்று கேட்பாளாம். போதுமா என்று அர்த்தம். நீ தட்டின்மேல் கையை வைத்தால் நிறுத்திவிடுவாளாம். கொஞ்ச நாளாக நீயும் அந்தச் சொல்லை மெல்ல முணுமுணுக்க ஆரம்பித்திருந்தாய், அவள் என்னிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

அன்று நான் அவள் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நம் வீட்டில் உன்னிடம் யாரும் போதுமா என்று கேட்டதே இல்லை. "இன்னும் ஒரு வாய்", "இன்னும் ஒரு தடவை சொல்லு", "இன்னும் ஒரு டாக்டர்" என்றுதான் இருந்தோம். உன்னிடம் கேள்வி கேட்டு, பதிலுக்காக நின்ற ஒரே வீட்டில் பேசுகிற பாஷை உன் வாயில் முதலில் வந்தது. அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அதற்கடுத்த ஞாயிறே சபையில் எழுந்து நின்றேன். "எம் பிள்ள உங்க ஜெபத்துக்குப் பதில் சொன்னது நெசந்தான். போதும்னு சொல்லியிருக்கான்" என்றேன். ஒருவருக்கும் பிடிக்கவில்லை. அதிலிருந்து நம் இடம் வாசலோரக் கடைசி பெஞ்ச் ஆனது. நல்லதாகப் போயிற்று, உனக்குக் காற்று வந்தது. கர்த்தரோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், கத்த வேண்டியதில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அந்த வெங்காயச் சாக்கை நீ விடவில்லை. போர்த்திக்கொண்டு இழைகளின் சந்து வழியாக வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பாய். பிறகு அதன் மேலேயே அடுப்புக்கரியால் கோடு போட்டாய். பிறகு உன் அப்பா கேட்டுக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த ரெட் ஆக்சைடு டப்பாவைத் திறந்துவிட்டாய். வீடு முழுக்கச் சிவப்பு. அவர் உன்னைத் திட்டவில்லை, மார்க்கெட்டுக்குப் போய் இன்னும் நான்கு கோணி வாங்கிவந்தார். நம் வீட்டில் நடந்த புத்திசாலித்தனமான காரியங்களில் பாதி அவர் பேசாமல் செய்ததுதான்.

நீ வரைந்தது எல்லாமே நாம் பார்த்ததுதான். ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே வரிசையாக நிற்கும் கம்பெனி பஸ்கள், அவற்றின் கண்ணாடிகளில் விழும் வானம். தளியில் ரோஜா வளர்க்கும் வெள்ளை பிளாஸ்டிக் குடில்கள். முட்டைக்கோஸ் ஏற்றிய வண்டியின் பின்பக்கம். ஆனால் எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். நடுவில் வெறும் சாக்கு. எவ்வளவு பெரிய படமானாலும் நடுவில் எதுவும் இருக்காது. பார்க்கிறவர்களெல்லாம் "முடிக்கலையா?" என்று கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள், சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "வண்டியில நடுவுல எடம் விடலன்னா ஆளு எங்க உக்காருவான்?" என்பார் உன் அப்பா. அதைவிடச் சரியாக உன் படத்தைப் பற்றி இதுவரை யாரும் எழுதவில்லை.

ஒரு கம்பெனியிலிருந்து வந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? வரவேற்பு ஹாலில் மாட்டப் பெரிய படம் கேட்டார்கள். எல்லாம் பிடித்திருந்தது, நடுவில் மட்டும் தங்கள் புது வண்டியை வரைந்துவிட வேண்டும் என்றார்கள். நீ அந்த வண்டியின் போட்டோவைக் கவிழ்த்து அதன்மேல் டீ டம்ளரை வைத்தாய். நான் விட்டேனா? நீ குளிக்கப் போன நேரத்தில் பிரஷ்ஷை எடுத்து, நடுவில் ஒரு சக்கரத்துக்குப் பாதி வட்டம் போட்டேன். ஆரம்பித்துக் கொடுத்தால் நீ தொடர்வாய் என்று நினைத்தேன். நீ வந்து பார்த்தாய். கத்தவில்லை. உட்கார்ந்து, நான் பெயிண்ட் பூசிய இழைகளை ஒவ்வொன்றாகச் சாக்கிலிருந்து உருவி எடுத்தாய். மாலைக்குள் அங்கே பெரிய ஓட்டை, அதற்குள் நம் வீட்டுச் சுவர் தெரிந்தது. உருவிய இழைகளைச் சுருட்டி என் கையில் கொடுத்தாய். இன்றைக்கு இழை உருவிய உன் படங்களைத்தான் எல்லோரும் தேடி வருகிறார்கள். அதற்காக நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ என் தப்பைப் பிடுங்கி என் கையிலேயே கொடுத்தாய், நானும் வாங்கிக்கொண்டேன், கணக்கு நேராகிவிட்டது.

நேராகாதது பெங்களூர்க் கணக்குதான்.

உன் படங்களுக்கென்று தனியாக ஒரு கண்காட்சி. நல்ல கூட்டம். ஏற்பாடு செய்த அம்மா வடக்கத்திக்காரர், நல்ல மனுஷி. உன்னைப் பேசச் சொல்லி மைக்கை நீட்டினார். நீ கையைக் கட்டிக்கொண்டாய். நான் வாங்கிக்கொண்டேன். நான் தமிழில் பேசப் பேச ஒரு பெண் இங்கிலீஷில் சொன்னாள். படங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியிருந்தால் போதும். நானோ நீ சின்ன வயதில் கடித்த கதை, பெரிய பையனான பிறகும் துணி நனைத்த கதை, நான் கம்பெனி பாத்ரூமில் போய் அழுத கதை என்று ஆரம்பித்துவிட்டேன். முன்வரிசையில் ஒருவர் கர்சீப்பை எடுத்தார். சொல்லவே கூசுகிறது, எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷம் என்னைப் பார்த்து யாரும் கண்கலங்கியதில்லை. வாய் ஓயாமல் பேசினேன்.

சுவரோரம் நின்ற நீ, "சாக்கு" என்றாய். இரண்டாவது தடவை இன்னும் சத்தமாக.

பெங்களூரில் போய் அந்தச் சொல்லைச் சொல்கிறாய்! பாதி ஹாலுக்கு அது தாய்ப்பாஷை. இரண்டு மூன்று பேர் சட்டென்று என்னைப் பார்த்தார்கள். ஏற்பாடு செய்த அம்மாவுக்கு மட்டும் புரியவில்லை, என்ன கேட்கிறான் என்றார். அப்போது நான் மைக்கிலேயே சிரித்துக்கொண்டு, "சாக்கப் பத்திச் சொல்லுதான், அவன் படம் வரையுற சாக்கு" என்றேன். கைதட்டினார்கள். நான் மேலே பேசினேன்.

அர்த்தம் தெரியாமல் வெங்காயச் சாக்கைக் கொண்டுவந்து கொடுத்தவள் ஒருத்தி. அவளை நான் மன்னித்துவிட்டேன். அர்த்தம் தெரிந்தும் சாக்குச் சொன்னவள் இன்னொருத்தி. தமிழில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் இன்னொரு அர்த்தத்தையும் அன்று நானே மேடையில் செய்து காட்டினேன். சபையில் எழுந்து நின்று மற்றவர்களுக்குப் பாடம் சொன்ன வாய் இது. என் கையும் அவர்கள் கை மாதிரிதான் உன் தலைமேல் கனத்தது.

நான் பேசி முடித்தபோது நீ இல்லை. தேடாத இடமில்லை. காணாமல் போய்விட்டான் என்று ஹாலே அமளிப்பட்டது, யாரோ போலீஸ் என்றார்கள். உன் அப்பா வீட்டிலிருந்து போன் செய்தார். "இங்க தயிர்ச்சோறு சாப்புடுதான். பஸ்ஸுல வந்தானாம். நீ எப்ப வார?" என்றார். நீ காணாமல் போகவில்லை. வீட்டுக்குப் போயிருந்தாய். ஆட்டிசம் இல்லாத ஒருவன் கோபித்துக்கொண்டு என்ன செய்வானோ அதைத்தான் செய்தாய், அதற்குப் போலீஸைக் கூப்பிடப் பார்த்தோம்.

நான் வந்ததும் உன் போனில் எழுதிக் காட்டினாய்: அம்மா பேசினால் நான் வர மாட்டேன். பேரிகையில் ஷெட். நான் மட்டும்.

அந்த "நான் மட்டும்" என்பதைக் கேள்விப்பட்டு நம் சொந்தபந்தமெல்லாம் என்னை வறுத்தெடுத்துவிட்டது. உன் பெரிய மாமா நாசரேத்திலிருந்து போன் செய்து, "அவன் தனியா இருப்பாங்குறத நீ நம்புதியா? பைத்தியம் புடிச்சிருக்கா ஒனக்கு?" என்றார். "எண்ணே, அவன் தனியா பெங்களூர்லேருந்து வந்தான். நாந்தான் அன்னைக்குத் தொலஞ்சி போயிட்டேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எங்களுக்குப் பிறகு உன்னை யார் பார்ப்பார்கள் என்று கேட்காத ஆள் கிடையாது. நானும் ராத்திரியெல்லாம் அதையேதான் கேட்டுக்கொள்கிறேன், ஜோயல். ஆனால் நான் போன பிறகு நீ தனியாக இருந்து பழக வேண்டும் என்றால், இப்போதே பழகுவதில் யாருக்கு என்ன நஷ்டம்? இப்போதாவது தப்பு நடந்தால் ஓடி வர எனக்குக் கால் இருக்கிறது.

ஷெட்காரர் முனியப்பாவோடு நடந்ததை நீயே பார்த்தாய். தக்காளி பேக் செய்கிற ஷெட், நல்ல உயரம், மேலே வெளிச்சத்துக்குப் பிளாஸ்டிக் தகடு, மூலையில் கோணி மூட்டை. நீ உள்ளே போனதும் உன் தோள் இறங்கியதை நான் கவனித்தேன். அவர் உன்னைப் பார்க்காமல் என்னிடமே பேசினார். "ஏம்மா, பையன ஒண்டியா வுடுவீங்களா? நாளைக்கி ஒண்ணு ஆச்சின்னா ஊர்ல என்னைத்தானே கேப்பாங்க? நீங்களும் கூட இருக்கறதா இருந்தா சொல்லுங்க, சாவி தரேன்." எனக்கு வாய் துறுதுறுத்தது. உன் படத்துக்கு என்ன மதிப்பு, உனக்கு என்னென்ன தெரியும் என்று அடுக்கத் தயாராக இருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அதைவிடக் கஷ்டமான வேலை இதுவரை வாய்த்ததில்லை.

நீ போனில் எழுதி அவர் முன்னால் நீட்டினாய்: மாத வாடகை நான் அனுப்புவேன். பூட்டு நான் வாங்குவேன். கேட்காமல் யாரும் உள்ளே வரக்கூடாது. நீங்களும்.

முனியப்பாவுக்கு மீசை துடித்தது. "என்னம்மா இது, எடம் என்னுது, இவன் எனக்கே கண்டிசன் போடறான்?"

"வாடகை குடுக்கற ஆளுதானேங்க. அவன்கிட்டயே பேசுங்க" என்று சொல்லிவிட்டு நான் ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டேன். முதுகைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். காதை மட்டும் திருப்ப முடியவில்லை. பிறகு முனியப்பா, "சரிப்பா, கோழி மட்டும் வரும், அதுங்ககிட்ட நீயே சொல்லிக்கோ" என்றார். அதற்கு நீ சிரித்தாய். உன் சிரிப்பை எனக்குத் தெரியாதா?

இப்போது ஊருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். என் மகன் குணமாக வேண்டும் என்று இனி யாரும் ஜெபிக்க வேண்டாம், ஜெபிப்பதானால் அவனுக்கு நல்ல கோணி கிடைக்க ஜெபியுங்கள். அவன் படத்துக்குப் பக்கத்தில் அம்மா பட்ட பாட்டை எழுதி ஒட்ட வேண்டாம், அந்தப் பாடு என்னுடையது, படம் அவனுடையது. நடுவில் ஏன் ஒன்றுமில்லை என்று கேட்பவர்கள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

உனக்கு அறிவுரை ஒன்றும் இல்லை, ஜோயல். சாப்பிடு. பிடிக்காத படத்தை யார் கேட்டாலும் வரையாதே. யாராவது உன் தலையில் கை வைத்தால் அந்தச் சொல்லைச் சொல். அவர்களுக்குப் புரியாவிட்டால் நம் ஊரிலுள்ள மற்ற பாஷைகளிலும் சொல். அப்படியும் கேட்காவிட்டால் எழுந்து பஸ் ஏறு.

நான் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருவேன். கேட்காமல் யாரும் வரக்கூடாது என்றாய், அதனால் இப்போதே கேட்கிறேன்: வரலாமா? போனில் பதில் போடு. வேண்டாம் என்றால் வரமாட்டேன். வா என்றால் சோறும் சாறும் கொண்டுவருவேன். ஊற்றும்போது கேட்டுக் கேட்டு ஊற்றுவேன்.

அந்த மீதி வாக்கியத்தை முடிக்கத்தானே உட்கார்ந்தேன். எழுதிப் பார்த்தேன், அடித்தேன், மறுபடி எழுதினேன். நீ சரியான இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறாய். அது "அம்மா" என்ற சொல்லோடு நிற்கிறது. அதற்குப் பிறகு இருக்கிற இடத்தில் நான் எதையும் வரையப் போவதில்லை.

இதற்குமேல் எழுதினால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை நானே சொல்லிக்கொள்கிறேன்.

சாக்கு.

அம்மா